தேவகி அக்காவும் ஒரு மெமோவின் பின்பக்கமும்

தேவகி அக்கா போய்விட்டார். இன்று காலை, திருவொற்றியூரில், அவர் வீட்டிலேயே.

போன் செய்து சொன்னது எங்கள் பழைய மாணவி அனிதா.

தெரியாதவர்களுக்கு: ராயபுரம் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் அக்காவும் நானும் டியூட்டர்கள். நான் சேர்ந்தபோது அக்காவுக்கு இருபது வருட வார்டு அனுபவம். எனக்கு ஒரு சர்ட்டிஃபிகேட், கூடவே நிறையத் திமிர்.

ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்பும் முன், ஒரு ஃபார்மில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தயாரா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனிதா என் பேட்ச். நெட்டுக்குப்பத்துப் பெண். ரத்தம் எடுத்துக் காட்டும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தாள்.

"தயாரில்லை. ரத்தம் என்றால் பயம். இந்தப் படிப்புக்கே லாயக்கில்லை" என்று எழுதிவிட்டேன்.

அக்கா அதை எட்டிப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டார்.

"காலைல இன்னா பண்ணுவ கண்ணு?"

"அம்மாகூட காசிமேடு போவேன் மிஸ். மீன் அரிஞ்சு குடுத்துட்டு நேரா இங்க வந்துடுவேன்."

"இன்னா துன்ன?"

"வெறும் டீ மிஸ்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மீன் அரியற பொண்ணுக்கு ரத்தம்னா பயமா? பசிம்மே அது! ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாளிலிருந்து அக்காவின் டிபன் பாக்ஸில் நான்கு இட்லி கூடுதல். அனிதா அப்புறம் விழவே இல்லை. இப்போது ஐசியூ ஸ்டாஃப்.

அடுத்த வருடம், வார்டில் ஆள் பற்றவில்லை, எல்லாப் பிள்ளைகளையும் திங்கட்கிழமையே அனுப்புங்கள் என்றது மேனேஜ்மென்ட். அக்கா பதினோரு பேருக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். பிரின்சிபாலிடம் நேராகவே கேட்டார்.

"தெரியாத பொண்ணு ஊசிய புடிச்சிகினு நின்னா, படுத்துகினு கீற பேஷண்ட்டுக்கு யாரு சார் பதில் சொல்றது? நீயா?"

விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தது. நான் என் பேட்ச் முழுக்கக் கையெழுத்துப் போட்டேன். பயந்து போட்டேன்.

அக்கா மெமோவைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்தப் பதினோரு பெயர்களை எழுதினார். இவளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை, தமிழில் சொல்ல வேண்டும். இவளுக்கு டோஸ் கணக்கு வரவில்லை. இவளுக்கு வீட்டில் கைக்குழந்தை, தூக்கமே இல்லை...

அதை லேப் கதவில் ஒட்டினார். பிரின்சிபால் கண்ணில் படுகிற உயரத்தில்.

மூன்று வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அப்புறம்தான் அனுப்பினார், பதினோரு பேரையும்.

இதோ, இந்த வருட ஃபார்ம் என் மேஜையில் கிடக்கிறது. நாளைக்கே வேண்டுமாம். ஒன்பது பிள்ளைகளோடு நான் இன்னும் உட்கார்ந்து பேசவே இல்லை.

போட மாட்டேன்.

போய் வாங்கக்கா. மெமோ வரட்டும்... பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும்.