நாலு பேர்தான், அஞ்சு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. நம்ப முடியாதவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். ஏற்கெனவே நிறையப் பேர் என் முகத்துக்கு நேராகச் சிரித்துவிட்டார்கள். "ரேடியேஷன் மூளைக்கு ஏறிடுச்சு போல" என்றார் எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர். நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். பதினான்கு வருடமாக எடுக்கிறேன். இல்லாத முறிவை இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லியிருக்கிறார், இரண்டு தடவை.

அந்தப் பயணத்துக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. லீவுக்காகத் தலைமை டாக்டரோடு சண்டை. "காட்டுக்கா? கொசு கடிக்குமே" என்ற மாமியாரோடு சண்டை. தேசியப் பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வந்தால், அது வேறு. இது வருடம் முழுக்க மழை சொட்டுகிற அடர்ந்த காடு. நடந்துதான் கடக்க வேண்டும். நான்கு நாள் நடை. முதல் இரவு வாசலுக்குப் பக்கத்துக் குடிலில், இரண்டாவது இரவு ஆற்றங்கரையில், மூன்றாவது மலை மேட்டில். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். என் மகளுக்குப் பத்து வயது. இருவாச்சிப் பறவையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

நான், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் என் கணவர், மகள், என் கொழுந்தன். நாலு பேர். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கு.

பூங்கா அலுவலகத்திலிருந்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. பேசியவர் குமாஸ்தா.

"அஞ்சு பேரு, நாலு நாள். சரிதானேம்மா?"

"நாலு பேர்."

"நேத்து போன் பண்ணி ஒரு ஆளைச் சேர்க்கச் சொன்னீங்களே?"

"நான் சொல்லலை."

"உங்க வீட்டு நம்பர்லேர்ந்துதான் வந்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு."

மூணு மணிக்கு எங்கள் வீட்டில் ஈ காக்காய் இருக்காது. நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். கணவர் பஸ்ஸில். மகளும் அதே பஸ்ஸில்தான் நாலரைக்கு மேல் வருவாள். குமாஸ்தாவைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் தோன்றியது... கொழுந்தனிடம் ஒரு சாவி இருக்கிறது.

அவன் ஏசி மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை.

"அண்ணி, சத்தியமா நான் இல்ல. என் ஃபிரெண்டு எவனுக்காவது காடு ஏறத் தெம்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க."

நான் நம்பவில்லை. சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலணிக் கடையிலிருந்து பெட்டி வந்தது. காட்டுக்குப் போடும் பூட்ஸ், அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை இழுத்து மாட்டும் துணியுறை. எல்லாவற்றிலும் ஐந்து ஜோடி. ஐந்தாவது பூட்ஸ் எங்கள் வீட்டில் யார் காலுக்கும் சேராத அளவு. அவ்வளவு பெரிது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "உங்க வீட்லேர்ந்துதாங்க அளவு சொன்னாங்க" என்றார். பயந்தவர் குரல் இல்லை அது. உண்மை சொல்கிறவர் குரல். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வழிகாட்டியே கூப்பிட்டார். பூங்கா வாசலில் இருக்கும் ஒரே போனிலிருந்து பேசுவார். பாதி வார்த்தை மழையில் கரைந்துவிடும்.

"அம்மா, பெரியவர் சொன்னபடியே திட்டத்தை மாத்திட்டேன். மலை மேட்டுல தங்க வேணாம். ஆத்தங்கரையிலயே ரெண்டு ராத்திரி."

"எந்தப் பெரியவர்?"

"உங்க கூட வர்றவருதான். நல்ல மனுஷன்மா. பாதையெல்லாம் அத்துப்படி. ஆத்தைத் தாண்டி ஒரு குறுக்கு வழி சொன்னாரு பாருங்க... இருபது வருஷமா நடக்குறேன், எனக்கே தெரியாது."

"யாரும் வரலை! நாங்க நாலு பேர்தான்! திட்டத்தை மாத்த அவன் யாரு?"



"கோவப்படாதீங்கம்மா. நீங்க இப்படித்தான் பேசுவீங்கன்னு அவர் சொன்னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை உடைத்திருப்பேன். என் வீடு, என் போன், என் லீவு. நான் படம் வரைந்து, மணிக்கணக்காக உட்கார்ந்து போட்ட திட்டம். எவனோ ஒருவன் நோகாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்திருந்தோம். கணவர் பென்சிலால் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல நீயும் பாப்பாவும். இதுல நாங்க மூணு பேரும்."

"மூணாவது யாருங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பென்சில் காகிதத்தின் மேலேயே நின்றது.

"தெரியல... ஏன் அப்படிச் சொன்னேன்?"

அவருக்கு நடிக்க வராது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். முதல் தடவையாக என் கோபத்துக்குள் ஏதோ ஒன்று ஜில்லென்று தொட்டது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு.

எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஜன்னல் கம்பியைத் தாண்டாது. அதனால் இன்னும் பழைய போன்தான். கூடத்தில் ஒன்று. அதே இணைப்பில் படுக்கையறையில் இன்னொன்று. ஒன்றை எடுத்தால் மற்றது லேசாக 'டிங்' என்று ஒலிக்கும்.

கதவை உள்ளே பூட்டினேன். சங்கிலியையும் மாட்டினேன். செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன். ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், குளியலறையில்... யாரும் இல்லை. படுக்கையறைக் கதவை ஒருக்களித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கையில் புதிதாக வாங்கிய ஊன்றுகோல். வரட்டும், மண்டையைப் பிளக்கிறேன்.

வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சுவர்க் கடிகாரம் மூணைத் தாண்டியது.

டிங்.

என் பக்கத்தில் இருந்த போன்தான்.

மூச்சை இழுத்துப் பிடித்தேன். நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்கிற அதே வார்த்தையை எனக்கே சொல்லிக்கொண்டேன். அசையாதே... அசையாதே...

ரிசீவரை மெதுவாக எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ, பூங்கா வாசல்" என்றார் வழிகாட்டி.

"நான்தாங்க. அவங்க வீட்லேர்ந்து பேசுறேன்."

வயதான ஆணின் குரல். கனிவான குரல். காதில் ஒரு தடவை கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்திலிருந்து, இன்னொரு தடவை கேட்டது.

"சொல்லுங்க பெரியவரே."

"எல்லாம் தயாரா இருக்கு. சின்னப் பொண்ணு பைகூட எடுத்து வெச்சிட்டா. கால் வலிச்சா நான் தூக்கிக்கிறேன். அவளுக்கு என் மேல பயமே இல்ல."

என் உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது.

"அவங்க அம்மாதான்..." குரல் கொஞ்சம் தணிந்தது. "இன்னும் கோவமாவே இருக்கா. இப்பக்கூட... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

ரிசீவரைக் கட்டிலில் எறிந்தேன். ஊன்றுகோலோடு பாய்ந்தேன்.

"யாருடா நீ? என் பொண்ணைத் தொட்டுப் பாருடா!"

கூடத்தில் யாரும் இல்லை.

சங்கிலி மாட்டியபடி இருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

போனின் ரிசீவர் மேசைக்குக் கீழே தொங்கியது. ஆடிக்கொண்டிருந்தது.

எடுத்தேன். சூடாக இருந்தது. பேசும் பக்கம் ஈரம். மக்கிய இலை வாசனை.

"ஹலோ... பெரியவரே..." என்றார் வழிகாட்டி.

"நான் பேசுறேன்" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இங்க யாரும் இல்ல. கேக்குதா? யாருமே இல்ல."

"இல்லம்மா... பெரியவர் லைன்லதான் இருக்காரு."

"என்ன?"

"மூச்சு விடுறது கேக்குதே..."

எனக்கும் கேட்டது.

மெதுவான மூச்சு.

படுக்கையறை போனிலிருந்து.

சங்கிலியை எப்படிக் கழற்றினேன், தெரியாது. செருப்பில்லாமல் தெருவில் நின்றேன். பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் மூவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பயணம் கிடையாது என்றேன். மகள் அழுதாள். கணவர், "பூட்டின வீட்ல எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கொழுந்தன்தான் பேசினான். கிண்டல் இல்லாமல், ரொம்பச் சாதாரணமாக.

"அவர் பாவம் அண்ணி. இவ்வளவு ஆசையா இருக்கறவரை விட்டுட்டு எப்படி?"

கணவர் தலையாட்டினார். மகளும் தலையாட்டினாள். மரியாதை தெரியாமல் பேசிவிட்டவளைப் பார்ப்பதுபோல மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எவரை?" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "பேர் சொல்லு! எவரை?"

கொழுந்தன் கண்ணைச் சிமிட்டினான். அண்ணனைப் பார்த்தான். அவர் மகளைப் பார்த்தார். மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை.

அன்றிரவு நாங்கள் அந்த வீட்டில் தூங்கவில்லை. நாலு பேரும் கொழுந்தனின் ஒற்றை அறையில் நெருக்கியடித்துப் படுத்தோம். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பூங்காவுக்குப் போன் செய்து ரத்து செய்தேன். இரண்டு போனையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அதன்பிறகு வீட்டில் எதுவும் நடக்கவில்லை. கணவரும் கொழுந்தனும் பழையபடி ஆகிவிட்டார்கள். அந்தச் சாயங்காலம் பேசியது இருவருக்குமே நினைவில்லை. "நீ டென்ஷனா இருந்தே" என்கிறார் கணவர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. எக்ஸ்ரே அறைக்கு இணைத்துவிட்டார்கள். வழிகாட்டி.

"உங்க கிட்ட மட்டும்தான்மா இதைச் சொல்ல முடியும்" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

நாங்கள் விட்ட இடத்தை வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நான்கு பேரைத்தான் அவர் காட்டுக்குள் கூட்டிப் போனார். ஆற்றங்கரையில் ஒரு இரவு தங்கினார்கள். மறுநாள் காலை அவர் தேநீர் போட்டார்.

"எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு அஞ்சு... என் கையாலதான்மா ஊத்துனேன். அப்ப எனக்கு ஒண்ணும் தப்பா தோணலை. எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் நடந்தோம். வெளிய வந்தாங்க. கார்ல ஏறினாங்க. பெரியவர் முன் சீட்டுல உக்காந்து எனக்குக் கையாட்டினாரு. கார் போனதுக்கப்புறம்தான்... அனுமதிச் சீட்டைப் பார்த்தேன். நாலு பேரு."

"அவங்களைக் கூப்பிட்டுச் சொன்னீங்களா?" என்று சீறினேன். "சொன்னீங்களா இல்லையா?"

"நேத்து கூப்பிட்டேன். உங்க கூட வந்த பெரியவர் யாருங்கன்னு கேட்டேன். அந்த அப்பா சிரிக்கிறாரும்மா. 'எங்க அண்ணன்தாங்க. உள்ள தூங்குறாரு, எழுப்பவா?'ன்னு கேக்குறாரு."

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காட்டுக்குள்ள போன முதல் ராத்திரி" என்றார் வழிகாட்டி, "நெருப்புப் பக்கத்துல உக்காந்து அந்த அப்பாவே என்கிட்ட சொன்னாரும்மா... அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை."