நெல்டா கட்டிய தோட்டாக்கள்

ஹார்லன் ஃப்ளாட்டில் யாருடைய ரிவால்வராவது குறி தவறிச் சுட்டால், "ஆர்லோ ஹாஸ்கெட்கிட்ட கொண்டு போ" என்பார்கள். ஐடஹோ மாநிலத்தின் அந்த வறண்ட மேட்டுநிலத்தில் சர்க்கரைக் கிழங்கு போடுகிறவன், மாடு மேய்க்கிறவன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் என்று எல்லோரிடமும் முப்பத்திரண்டு காலிபர் ரிவால்வர் ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறையும் தோட்டாவின் அடியில் அடிக்கும் சுத்தியை, அதாவது குதிரையை, பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும் பழைய மாதிரி. அதைத் திருத்துவதிலும், அதற்குத் தோதாகக் கையாலேயே தோட்டா கட்டுவதிலும் ஆர்லோவை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதில் எப்போதும் பாதிதான் நிஜம். இதில் அந்தப் பாதியும் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

நாலு வருடத்துக்கு முன்புதான் ஆர்லோவுக்குக் கைநடுக்கம் வந்தது. முதலில் காபிக் கோப்பை தளும்பியது. பிறகு சட்டைப் பொத்தான் அடம் பிடித்தது. அதற்கப்புறம் பட்டறை வேலை முழுவதும் மெல்ல மெல்ல அவர் மனைவி நெல்டாவின் தலையில் வந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் துப்பாக்கியை ஆர்லோவிடம் கொடுப்பார்கள், ஆர்லோவிடம் வாங்கிப் போவார்கள். நடுவில் அது யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர்லோவும் சொல்லவில்லை. நெல்டாவும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பிடித்திருந்தது என்பது சாதாரணச் சொல். துப்பாக்கிக் குழலுக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் இரும்பைத் தேய்க்கும் பசை தடவி, முன்னும் பின்னுமாக இழைத்து இழைத்து இறுக்கமான இடத்தை அவள் சமன் செய்யும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தோட்டா போடும் உருளையின் ஆறு அறைகளையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்ப்பாள். எந்த அறை முரண்டு பிடிக்கிறதோ அதன் மேல் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் பக்கத்தில் ரிவால்வரில் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். குதிரைக்கு அடியில் இருக்கும் அறை காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே விழுந்தால் தானாக வெடித்துவிடும். முரண்டு பிடிக்கும் அறையையே அந்தக் காலி அறையாக வைத்துக்கொண்டால் மற்ற ஐந்தும் அண்ணன் தம்பிபோல ஒரே இடத்தில் போய்ச் சேரும். டெல்மர் கிரைடரின் ரிவால்வர் அப்படி அவள் புள்ளி வைத்ததுதான்.

வேலை பிடித்திருந்தது, வீடு பிடிக்கவில்லை. அதுதான் நெல்டாவின் கஷ்டம். பக்கத்து வீடு என்று சொல்லிக்கொள்வது டெல்மரின் பண்ணை, அதற்கே அரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். நவம்பரில் பனி பெய்து பாதை மூடிக்கொண்டால் மார்ச் வரை ஆர்லோவின் முகம், கோழிகளின் முகம், இந்த இரண்டுதான். போன குளிர்காலத்தில் ஆர்லோ குளியலறையில் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் பனியில் வந்து சேர்வதற்குள் நெல்டாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாய்சி நகரத்தில் அவள் தங்கை லோர்னா இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன வீடு காலியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்.

"வீட்டை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்க்கா. எப்ப வர்றேன்னு சொல்லித் தொலை," என்று லோர்னா தொலைபேசியில் கத்துவாள்.

நெல்டா ஆர்லோவைப் பார்ப்பாள். ஆர்லோ ஜன்னலைப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, ஆர்லோ தானாகவே பேச்சை எடுத்தார்.

"டெல்மர் சனிக்கிழமைச் சுடும் போட்டிக்கு ஒரு பெட்டி தோட்டா கேட்டிருக்கான். அதை நான் கட்டுறேன்."

"நீயா?"

"ஏன், ஆர்லோன்னு இந்த வீட்ல வேற எவனாவது இருக்கானா?"

"கரண்டியைப் பிடிச்சா பீன்ஸு மேசை பூரா ஓடுது. நீ தோட்டா கட்டப் போறியா கிழவா?"

ஆர்லோ கரண்டியை வைத்துவிட்டார். "ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். என் தோட்டாவால டெல்மர் தோத்தா, பட்டறையை ஏறக்கட்டிட்டு உன் பின்னாடியே பாய்சிக்கு வரேன். ஒரு வார்த்தை முனக மாட்டேன். ஜெயிச்சா, நீ இனிமே பாய்சின்னு வாயைத் திறக்கக் கூடாது. பட்டறைப் பக்கமும் வரக் கூடாது. சரியா?"

நெல்டா பாவம், சந்தோஷப்பட்டாள். அந்தக் கையால் கட்டிய தோட்டா எங்கே ஜெயிக்கப் போகிறது? மனதுக்குள் அவள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். "சரி," என்றாள். கை குலுக்கிக்கொண்டார்கள். அவர் கை அவள் கைக்குள் சிட்டுக்குருவிபோலப் படபடத்தது.

ஆர்லோ மறுநாள் காலையில் பட்டறையில் உட்கார்ந்தார். பல்லாங்குழிபோலக் குழி குழியாக இருக்கும் மரக்கட்டையில் தோட்டாவின் பித்தளைக் கூடுகளை நிறுத்தினார். அங்கேதான் தப்பு நடந்தது. வெடிமருந்து போடாத கூட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மருந்து போட்டு, நிமிர்ந்தபடியே குழியில் விட வேண்டும். கவிழ்ந்திருந்தால் பாக்கி, நிமிர்ந்திருந்தால் முடிந்தது. குழந்தைக்கும் புரியும் கணக்கு. ஆனால் நடுங்குகிற விரலால் அந்தச் சின்னக் கூட்டைப் புரட்டுவது பெரும்பாடு, அதனால் ஆர்லோ எல்லாவற்றையும் முதலிலேயே நிமிர்த்தி வைத்துவிட்டார். பாதி வேலையில் தொலைபேசி அடித்தது. டெல்மர். டெல்மர் தொலைபேசியை எடுத்தால் கிழங்கு விலையில் ஆரம்பித்து, செத்துப்போன மனைவியின் பூனை வரை வந்துதான் வைப்பான். ஆர்லோ திரும்பிப் போய், விட்ட இடம் இதுதான் என்று நினைத்த இடத்திலிருந்து தொடங்கினார்.

நெல்டா கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தபோது அவர் ஈயக் குண்டுகளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"டார்ச் அடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள். குண்டை வைத்து மூடுவதற்கு முன்னால் எல்லாக் கூட்டுக்குள்ளும் ஒருமுறை வெளிச்சம் அடித்து மருந்தின் மட்டத்தைப் பார்ப்பது அந்த வேலையின் முதல் பாடம்.

"நான் தோட்டா கட்ட ஆரம்பிச்சப்ப உனக்குக் குண்டு எது கூடு எதுன்னு தெரியாது. போ, போய் கோழியைப் பாரு."

போட்டிக்குக் கட்டுவது வேகம் குறைந்த தோட்டா, கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை மருந்துதான் போவது. ஆபத்தே அதில்தான். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாலும் வழியாது, மூடிவிட்டால் தெரியாது. எடை போட்டும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் வார்த்த ஈயக் குண்டுகளுக்குள்ளேயே அந்தச் சிட்டிகையைவிட அதிக வித்தியாசம் இருக்கும். அப்படி ஒன்று டெல்மரின் கையில் வெடித்தால் உருளை பிளக்கும், கையும் போகும். தனி ஆளாகப் பண்ணை நடத்துகிறவனுக்குக் கைதான் எல்லாம்.

டெல்மரிடம் சொல்லிவிடலாம். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. மாலைக்குள் ஆர்லோவின் கை ஊர்க் கடையில் பேச்சாகிவிடும். அவரிடமே சொல்லிப் பார்த்தாள். "அத்தனையும் பிரிச்சிடலாம் ஆர்லோ, சந்தேகம்னு வந்துட்டா..." அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் தீனி வாளியைக் கழுவப் போய்விட்டாள்.

மத்தியான மாத்திரை போட்டால் ஆர்லோ அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். நெல்டா பெட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். தோட்டாவைப் பிரிக்க ஒரு சுத்தியல் உண்டு. தலைப்பக்கம் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். தட்டினாள். ஒன்று சரி. அடுத்ததும் சரி. தட்டத் தட்ட அவளுக்கே வெட்கமாக இருந்தது, மனுஷனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று. பெட்டியில் பாதி தாண்டியதும் ஒன்றில் மருந்தே இல்லை. அதற்கு இரண்டு தள்ளி, சுத்தியலைக் கவிழ்த்ததும் உள்ளங்கையில் மருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டு மடங்கு.

நெல்டா வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை. கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் நிமிர்ந்தே பார்க்காமல், விரல் நுனியாலேயே கூட்டைத் தடவி நல்லது கெட்டது சொல்லுவார். அந்த விரல்களை நினைத்து அழுதாள்.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள். பெட்டியை நிரப்பி வைத்தாக வேண்டும். ஆபத்தில்லாத தோட்டாவாக இருந்தால் போதும், நன்றாகச் சுட வேண்டும் என்று யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. சுமாராகக் கட்டினால் டெல்மரின் கையும் பிழைக்கும், அவன் தோற்பான், பாய்சி கிடைக்கும். ஆர்லோவின் பேர் கொஞ்சம் கெடும். ஆனால் அவரே வைத்த பந்தயம்தானே? யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் எவருக்கும் கிடைத்திருக்காது.

அடுத்த இரண்டு மத்தியானமும் ஆர்லோ குறட்டை விட, அவள் பட்டறையில் உட்கார்ந்தாள். தரம் பிரிக்காத கூடுகளை அள்ளிக் கொட்டினாள். கை தானாக நீளமானதையும் குட்டையானதையும் பிரித்துவிட்டது. சரி போகட்டும் என்று, வார்ப்பில் சுருக்கம் விழுந்த குண்டுகளாகப் பொறுக்கினாள். முதல் குண்டை வைத்தாள். பார்த்தாள். எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். சோற்றில் தெரிந்தே கல்லைப் போடுவதுபோல இருந்தது. "சனியனே, ஒரே ஒரு தடவை கெட்டதா செய்யேன்," என்று தன் கையைத் தானே திட்டினாள். கை கேட்கவில்லை. அது பளபளப்பான குண்டுகளாகப் பார்த்து எடுத்தது. மருந்தை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துப் போட்டது, டார்ச் அடித்தது, விளிம்பை ஒரே அழுத்தத்தில் மடக்கியது. பெட்டி நிறைந்தபோது அவள் கட்டியதிலேயே அருமையான தோட்டாக்கள் அதில் இருந்தன. தன்னைப்போல முட்டாள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காற்று இல்லாத நல்ல வெயில். போட்டித் திடல் ஓரத்தில் வண்டிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆர்லோ உட்கார்ந்திருக்க, நெல்டா பக்கத்தில் நின்றாள். டெல்மர் ஒரு அறையில் தோட்டா போட்டு, அடுத்ததைக் காலியாக விட்டு, மற்ற நாலிலும் போட்டு, குதிரையைக் காலி அறை மேல் இறக்கினான். புள்ளி வைத்த அறை. சுட ஆரம்பித்தான். கோழி வடிவத்தில் அறுத்த இரும்புத் தகடுகள் வரிசையாக டங் டங்கென்று மல்லாந்தன. அடுத்து காகிதக் குறி. சுட்டு முடித்து அதைக் கொண்டுவந்தபோது ஐந்து ஓட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கிழிசலாக இருந்தன.

"டேய் ஆர்லோ!" டெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். "அது கையா, மந்திரமாடா? இங்க பாரு, என் பெருவிரலை வெச்சா மூடிக்குது! இருபது வருஷமா சுடறேன், இப்பிடி ஒரு தோட்டாவை நான் கண்டதில்லடா!"

சுற்றி நின்றவர்கள் காகிதத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அது நெல்டாவின் கைக்கும் வந்தது. அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவள் நெஞ்சு விம்மியது. என் கை, என் கை என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு நிமிடம் பாய்சிகூட மறந்துபோனது. பிறகு ஆர்லோவைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சொன்னேன்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"சொன்ன," என்றாள்.

"நீயும் எவ்வளவு நாள்தான் எனக்காகப் பாடுபடுவ? இனிமே பட்டறையை நானே பாத்துக்கறேன். நீ ஓய்வா இரு."

அங்கேயே மூன்று பேர் தங்கள் காலிக் கூடுகளை ஆர்லோவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இரட்டை மருந்து கொட்டிய தன் உள்ளங்கையை நெல்டா பாவாடையில் துடைத்தாள், அதில் இப்போது ஒன்றும் இல்லை என்று தெரிந்தும். சொல்வதற்கு இனி வழியில்லை. அந்த வழியில் கதவு வைத்துப் பூட்டுப் போட்டவள் அவளேதான், அதுவும் தன் கையாலேயே.

ஞாயிற்றுக்கிழமை லோர்னாவைக் கூப்பிட்டாள். "வீட்டை வேற யாருக்காவது குடுத்துடுடி."

"என்னக்கா ஆச்சு? அந்தாள் தோத்தா வரேன்னுதானே சொன்னாரு?"

"ஜெயிச்சுட்டாரு," என்று சொல்லி நெல்டா வைத்துவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து காலையில் ஆர்லோ தோட்டா கட்டுகிறார். சீட்டி அடித்துக்கொண்டே கட்டுகிறார், சாப்பாடும் நன்றாக இறங்குகிறது. மத்தியானம் அவர் கண் அசந்ததும் நெல்டா அன்றைய பெட்டியோடு தொழுவத்துக்குப் போகிறாள். அத்தனையையும் தட்டிப் பிரித்து, தன் கையால் திரும்பக் கட்டி, அவர் எழுவதற்குள் பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிடுகிறாள். அக்டோபர் முடியும்போது முதல் பனி விழுந்தது. அன்றைக்கு என்னவோ ஆர்லோவுக்குத் தூக்கம் சீக்கிரம் கலைந்துவிட்டது.

"நெல்டா!" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன அங்க டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்க?"

அவள் கையில் சுத்தியல் ஓங்கியபடி நின்றது. "கோழிக்கூட்டுக் கதவு! கீல் கழண்டிருக்கு!"

"உனக்கு எதுக்கு அந்த வேலையெல்லாம்? கைவேலை உனக்கு வராதும்மா. இரு, நான் வந்து பண்றேன்."

"வேண்டாம், முடிஞ்சுது. நீ படு," என்றாள் நெல்டா. பெட்டியில் இன்னும் பாதி இருந்தது.