டொயில் எண்டால் என்ன கருத்து

கனடாவில, எங்கட ஸ்காபரோ பில்டிங்கில எனக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டில இருக்கிறவர் மிஸ்டர் டொயில். லிப்டில கண்டால் என்னட்டக் கேக்க அவரிட்ட ஒரே கேள்விதான்.

"நீங்களெல்லாம் எப்ப திரும்பிப் போறியள்?"

இண்டைக்கு ஷொப்பிங் மோலில வாங்கின டொயில் குடும்பச் சின்னப் பலகையைக் கதவில மாட்டிக்கொண்டு நிண்டார். "சுத்த ஐரிஷ் பரம்பரை," எண்டார்.

சின்னத்துக்குக் கீழ பொடி எழுத்தில பேரின்ர கருத்துப் போட்டிருந்தது. அவர் கண்ணாடி போடேல்லை, நான்தான் சத்தமா வாசிச்சுக் காட்டினன்.

"டொயில்: அயர்லாந்துக்கு வந்த கறுத்த அந்நியனின் வழி வந்தவர்."

"அது ஆயிரம் வருசத்துக்கு முந்தின கதை," எண்டார்.

"ஓம். அப்ப நீங்களெல்லாம் எப்ப திரும்பிப் போறியள்?"

கதவைச் சாத்திப்போட்டார்.

உங்கட பில்டிங்கிலயும் டொயில் ஆரும் இருந்தால், எப்ப போறார் எண்டு கேட்டு எழுதுங்கோ. எல்லாருக்கும் ஒரே பிளேனில சீட் போடலாம்.