கடலோர விடுதியில் மூன்று பந்தி

புஷ்பத்துக்குக் கல்யாணமாகிக் கால் நூற்றாண்டு ஆகிறது. இத்தனை வருஷத்தில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளைச் சோற்றை முதலிலிருந்து கடைசி வரை அவள் சாப்பிட்டது கிடையாது. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், இல்லாவிட்டால் 'ஐயோ பாவம்' என்பார்கள். இரண்டுமே அவளுக்குப் பிடிக்காது.

மற்றபடி புருஷன் மாணிக்கவாசகத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டியிடம் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. மனுஷர் தங்கம். ஆனால் தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் 'பேச்சியம்மாள் டெக்ஸ்டைல்ஸ்' என்று பெற்ற தாயின் பெயரில் ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அந்தப் படியில் யாராவது கால் வைத்துவிட்டால் போதும், வாய்க்குப் போன கவளம் தட்டுக்குத் திரும்பிவிடும். "வாங்க வாங்க, என்ன பாக்கிறிய?" என்று ஈரக்கையோடு எழுந்து நிற்பார். படியேறி வந்தவர்களை ஒரு நிமிஷம்கூடக் கவனிக்காமல் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. கடைக்கு மட்டும் என்றால் தொலையட்டும். சொந்தக் கல்யாணத்திலேயே மாப்பிள்ளைக்கோலத்தில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சா? அந்த வரிசைக்குப் பாயாசம் வரலையே" என்று கிளம்பியவர் அவர். அன்றைக்கு மாலையும் கழுத்துமாகத் தனியே இலை முன்னால் உட்கார்ந்திருந்தவள் புஷ்பம். அன்றைக்கு ஆரம்பித்தது.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவள். கடைக்கு மேலேயே வீடு. ஜன்னலோரத்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, கடையில் விற்கிற சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பாள். அவள் கைபட்ட சேலைகள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் எத்தனை மணவறை கண்டிருக்கின்றனவோ. நடுவில் பிள்ளைகளுக்கு, கடை ஆட்களுக்கு, அவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற புருஷனுக்கு என்று தவணை தவணையாகச் சோறு போட்டு, எல்லாரும் எழுந்த பிறகு பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தான் உட்காருவாள். இதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் இல்லை. நன்றாகச் சிரிப்பாள், சிரிக்க வைப்பாள். கோபம் வந்தால் மிஷின் கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வீட்டில், பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற மகன் ஹரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடலோர விடுதியில் அறை போட்டுவிட்டு வந்து நின்றான். வியாபார மும்முரத்தில் கொண்டாடாமல் போன அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்காக அவனும் தங்கை பூஜாவும் சேர்ந்து செய்த ஏற்பாடு. நாலு பேரும் சேர்ந்து ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் காலைப் பலகாரம்.

"கடை?" என்றார் மாணிக்கவாசகம். வேறு என்ன சொல்வார்?

மார்கழியில் முகூர்த்தம் இல்லை, வியாபாரமும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கடையின் பழைய ஆள் கோதண்டபாணி, "நீ போ அண்ணாச்சி, நான் பாத்துக்கினு கீறேன். கடை எங்கயும் ஓடிப் பூடாது" என்று தைரியம் சொல்லிவிட்டார். சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

கிளம்புகிற அன்று காலையில் புஷ்பம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எனக்குக் கடலும் வேண்டாம், நீச்சல் குளமும் வேண்டாம். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, எம் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது. முடியுமா?"

"இம்புட்டுதானா ளா? மூணு வேளையும் உக்காருதேன்" என்றார் அவர், பெரிய வள்ளல் மாதிரி. 'ளா' என்பது ஊர்ப் பேச்சில் பெண்டாட்டியை அவர் கூப்பிடுகிற செல்லம்.

விடுதி வாசலில் ஒரு பெண் சங்கு மாலை போட்டு, கண்ணாடித் தம்ளரில் இளநீர் கொடுத்தாள். மாணிக்கவாசகம் மனைவியின் காதருகே குனிந்தார். "வரவேற்பு நல்லாத்தான் இருக்கு. நாம கடையில கலர் சோடா உடைச்சுல்லா குடுக்கோம். இனிமே இளநீரா மாத்திரலாமா?"

அறையில் கட்டிலின் நடுவே வெள்ளைத் துண்டுகளை அன்னப்பட்சியாக மடித்து வைத்திருந்தார்கள். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் கழுவின பூஜா ஒரு துண்டை எடுக்கப் போக, "கலைச்சிராத!" என்று பதறினார். வேறு துண்டு கேட்டுப் போன் பண்ணினார். துண்டோடு வந்த பொன்மணி என்கிற பணிப்பெண் கட்டிலைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"இன்னா சார், வச்ச துண்டு வச்சபடியே கீது?"

"மடிச்ச துணிய மனசாரக் கலைக்க முடியலம்மா. எப்படி மடிச்சிய, ஒரு தடவ காட்டுங்க."

பொன்மணிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவள் கலைத்து மடித்தாள், அவர் கலைத்து மடித்தார். அவருடைய அன்னம் கோழி மாதிரி கழுத்தைத் தொங்கப் போட்டது. நாலு பேரும் பொன்மணியும் சேர்ந்து சிரித்ததில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். புஷ்பமும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இந்த மனுஷரிடம் எப்படிக் கோபப்படுவது?

மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது எப்படி என்று. சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேஜை, எதிரே கடல். மாணிக்கவாசகம் உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. வரவேற்கிற பெண் உள்ளே எங்கேயோ போயிருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்த அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மாணிக்கவாசகத்தின் கால்கள் மேஜைக்கு அடியில் தவித்தன. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

"ஒரு நிமிஷம் ளா" என்று எழுந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா. "வாங்க வாங்க! எத்தனை பேரு? அந்தா, தூணுக்குப் பக்கத்துல உக்காருங்க. குழந்தைக்குப் பருப்புச் சாதம் இந்தப் பக்கம் இருக்கு." அவர்கள் அவரைத்தான் மேனேஜர் என்று நினைத்து நன்றி சொல்லிப் போனார்கள். பின்னாலேயே இன்னொரு குடும்பம். அதன் பின்னால் இன்னொன்று.

"அப்பா அங்க என்னம்மா பண்றாரு?" என்றான் ஹரி.

"யாவாரம்" என்றாள் புஷ்பம். தயிர் சாதத்தை அவர் இல்லாமலே முடித்தாள்.

ராத்திரிச் சாப்பாடு புல்தரையில், அலைச் சத்தத்துக்குப் பக்கத்தில். இந்தத் தடவை அவரைத் தோட்டத்து மதில்சுவர்ப் பக்கம் உட்கார வைத்து, இந்தப் பக்கம் மகனையும் அந்தப் பக்கம் தன்னையும் காவல் போட்டாள். தட்டில் வஞ்சிரம் மீன் வந்தது. அவர் அதைப் பிட்டும்விட்டார். அப்போது நாலு மேஜை தள்ளி ஒரு மயிலாப்பூர் மாமி கையைத் தட்டினாள்.

"அட, நம்ம அண்ணாச்சின்னா இவர்! நம்மாத்துக் கல்யாணத்துக்கு மொத்தப் புடவையும் இவர்கிட்டதானே எடுத்தோம்! வாங்கோ, வாங்கோ!"

இனி பிரம்மா வந்தாலும் நிறுத்த முடியாது. அவர் போனார். மாமியின் இரண்டாவது பெண்ணுக்குத் தையில் நிச்சயமாம். நின்றபடியே பட்டின் நிறங்களை விவரித்துக் காற்றில் முந்தானை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போய் கூட்டிட்டு வரவாம்மா?" என்றாள் பூஜா.

"வேண்டாம். இழுத்துட்டு வந்து உக்கார வச்சா அது என்ன சாப்பாடு?"

அவள் அவருடைய தட்டில் ஆறிக்கொண்டிருந்த மீனைப் பார்த்தாள். புருஷனை நாலு பேர் இப்படிக் கொண்டாடுவதில் பெருமையும் இருந்தது. அதுதான் கொடுமை. ஊருக்கெல்லாம் இனிக்கிற மனுஷர் தனக்கு மட்டும் ஏன் ஆறுகிற தட்டாகவே இருக்கிறார்? அறைக்குப் போனதும் அவர், "மன்னிச்சுக்கோ ளா, காலையில கண்டிப்பா" என்றார். அவள் விளக்கை அணைத்துத் திரும்பிப் படுத்தாள். மிஷின் இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாக ஓடியிருக்கும்.

காலைப் பலகாரத்தோடு விடுதி வாசம் முடிகிறது. கூட்டம் நெரிந்தது. புஷ்பம் குளித்து வருவதற்குள் அவர் மட்டும் முன்னால் போயிருந்தார், "நல்ல இடமா பிடிச்சு வைக்கேன்" என்று. அவள் வந்து பார்த்தபோது ஜன்னலோர மேஜையில் அவர் துண்டு மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. ஆள் வாசலில். பரிமாறுகிறவர்களின் கேப்டன், சர்தார் என்கிற இளைஞர், அவர் முன்னால் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க கெஸ்ட்டு. போய் உக்காருங்க சார். பொங்கல் ஆறிப் போச்சுன்னு உங்ககிட்ட கம்ப்ளெய்ன்ட் சொல்றாங்க. எங்க மேனேஜர் பாத்தா நான் இன்னா பதில் சொல்றது?"

"தம்பி, வந்தவங்கள நிக்க வச்சா நல்லாவா இருக்கும்? கூட்டம் குறையட்டும், போயிருதேன்."

கூட்டமாவது, குறைவதாவது. புஷ்பம் பார்த்தாள். கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் அவர் வருவார், தலையைக் குனிந்துகொண்டு நாலு வாய் தின்பார், கண் வாசலிலேயே இருக்கும். அது அவளுக்கு வேண்டாம். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வந்த பக்கவாட்டுக் கதவு வழியாகவே வெளியே போனாள். தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்வாசலில் நின்ற வரிசையில் போய் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் முறை வந்தது.

"வாங்கம்மா, வாங்க! எத்தனை பேரு?" என்றார் மாணிக்கவாசகம், கூடத்தில் காலி நாற்காலியைத் தேடிக்கொண்டே.

"ரெண்டு பேரு" என்றாள் புஷ்பம். "ஒருத்தர் இன்னும் வரல."

பழகின குரல் கேட்டு அவர் திரும்பினார். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி கொசுவம் வைத்துச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தோளில் பையோடு, யாரோ ஒரு வாடிக்கையாளரைப் போலப் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப... எப்ப வருவாரு?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"தெரியலையே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உதடு நடுங்கியது. அதை அவர் பார்த்துவிட்டார். ஆயிரம் பெண்களின் முகத்தைப் பார்த்து எந்தச் சேலை பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர். இந்த முகத்தை இத்தனை நாள் படிக்காமல் விட்டுவிட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவருக்கு அது கேட்கவில்லை.

"இந்தப் பக்கம் வாங்க" என்றார். ஜன்னலோர மேஜைக்கு அழைத்துப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அதற்குள் அங்கே வந்து உட்கார்ந்திருந்த ஹரியும் பூஜாவும் தட்டை எடுத்துக்கொண்டு நைசாக வேறு மேஜைக்கு நகர்ந்துவிட்டார்கள். புத்திசாலிப் பிள்ளைகள்.

"என்ன சாப்பிடுத? உனக்கு என்ன பிடிக்கும்?"

புஷ்பம் யோசித்தாள். யாரும் கேட்டிராத கேள்வி. "எதுன்னாலும் சரி. சூடா இருந்தாப் போதும்."

 அவர் தோசைக்கல்லுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றார். நின்ற நேரம் முழுதும் வாசல் பக்கம் முதுகைக் காட்டியே நின்றார். ஆவி பறக்க இரண்டு நெய்த்தோசைகளோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தோசை முறுமுறுவென்று இருந்தது. புஷ்பம் விரல் சுடச் சுடப் பிட்டாள், சட்னியில் தோய்த்தாள், கடலைப் பார்த்தாள், மென்றாள். மாமியின் பெண்ணுக்கு மாம்பழ நிறம் எடுபடாது, கிளிப்பச்சைதான் எடுக்கும் என்று அவள் சொல்ல, "அதையே நானும் நினைச்சேன் ளா" என்று அவர் சொல்ல, பேச்சு வளர்ந்தது. பாவம், அவருக்குத்தான் மெதுவாகச் சாப்பிடத் தெரியவில்லை. கடைப்பழக்கம், நாலே வாயில் தோசை காலி. வெறும் தட்டின் முன்னால், கை காய உட்கார்ந்திருந்தார். அவள் இன்னொரு தோசை கேட்டாள். வந்தது. அதையும் நிதானமாகத் தொடங்கினாள்.

அப்போது தட்டோடு ஒருவர் அவர்கள் மேஜைக்கு வந்தார். "சார், அங்க தூண் பக்கத்துல இடம் காலியாகுமா? கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

மாணிக்கவாசகம் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். தட்டில் ஒரு துணுக்குத் தோசைகூட இல்லை.

"அந்தா நிக்கிற தம்பியக் கேளுங்க" என்று சர்தாரைக் காட்டினார். "நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."