வாசகசாலைக் கண்காட்சியில் நான் வைத்த பொட்டு

எனக்குப் பயம் வந்தால் அது முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். அடுத்து வாய்க்கு. புத்திக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் வயிறும் வாயும் காரியத்தை முடித்துவிட்டிருக்கும். ஊரில் என்னைத் தமாஷ் பேர்வழி என்கிறார்கள். நான் அடித்த தமாஷில் பாதி, பயத்தில் உளறியது. கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது எழுதப்போவதற்கு மட்டும் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் வாசகசாலை இருந்தது. படியேறும்போதே மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் அறிவை வளர்க்க முடியும். காலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாத வண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் யாராவது பிரசங்கம் செய்வார்கள். ஒரு வருஷம் ஆண்டு விழாவுக்குப் புதுசாக என்ன செய்யலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வயிறு கலங்கிற்று. "சித்திரக் கண்காட்சி" என்று வாய் சொல்லிவிட்டது. கையோடு என்னையே அதற்குக் காரியதரிசியாகவும் போட்டுவிட்டார்கள்.

படம் கொடுங்கள் என்று அங்கத்தினர் வீடுகளில் கேட்டோம். சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். அத்தனையும் சாமி படம். கனத்த சட்டம், கண்ணாடி, கண்ணாடிமேல் காய்ந்த சந்தனம், அதற்குமேல் குங்குமம். ஒன்று ஊதுவத்திச் சாம்பலோடேயே வந்து சேர்ந்தது. புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த என் சிநேகிதன் வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மாப்ள, மணியும் சூடத்தட்டும்தான் குறைச்சல். நீ பூணூலைப் போட்டுக்கிட்டு நில்லு."

அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு படம் மனுஷன் கையால் இந்த ஊரைப் பார்த்து எழுதியது. எங்கள் புத்தகங்களுக்கு பைண்டிங் போடுகிற பாய் எழுதியது அது. நாற்பது வயசிருக்கும். பள்ளிவாசல் தெருவில் சின்னக் கடை. கிழிந்த புத்தகம் அவர் கைக்குப் போனால் புதுமாப்பிள்ளை மாதிரி திரும்பி வரும். பசை காயும் நேரத்தில் படம் எழுதுவாராம். அவ்வளவு வருஷப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது.

கண்காட்சியைக் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. பரீட்சை பாஸ் பண்ணின ஆள் கிடைக்கவில்லை. "உங்க கையைப் பார்த்துட்டுத் தற்காலிகமாப் போடறேன். கண்காட்சிக்கு வாரேன், ஒரு படம் வையுங்க. திங்கட்கிழமை பேரை எழுதி அனுப்பணும்" என்று தலைமையாசிரியர் அவரிடம் சொல்லியிருந்தார்.

"ஒரு படம்தான் தம்பி. ஆனா ரெண்டு மாசமா எழுதினேன்" என்றார் பாய்.

விழா நாளான சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து அவரே ஆணியில் மாட்டினார். பைண்டிங் அட்டையில் ஒட்டிய தாள், தண்ணீரில் குழைத்த வர்ணம். சட்டமில்லை, கண்ணாடியில்லை. வைகை மணல், சாயம் போட்ட சேலைகளை விரித்துக் காயவைத்திருக்கிறார்கள், சிவப்பு, ஊதா, கத்திரிப்பூ நிறம். ஒரு சேலையின் ஓரம் காற்றில் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. அதைப் பிடிக்க ஒருத்தி குனிகிறாள். மேலே பெரிய வெறும் வானம்.

"அஸர் தொழுதுட்டு வாரேன் தம்பி. அவர் முன்னாடியே வந்துட்டா இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சந்தனம் கரைத்து வைத்திருந்தது. எனக்கோ வரவேற்புரை. ஒன்றரைப் பக்கம் மனப்பாடம் செய்தது, மூன்றாவது வரிக்குமேல் நினைவுக்கு வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சுவரில் சாமிகளெல்லாம் பழைய சந்தனத்தோடு இருந்தன. விசேஷ நாளும் அதுவுமாய்ப் புதுசாக வைப்போமே என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். வாய் வரவேற்புரையை முணுமுணுக்கிறது, கை வரிசையாய்ப் போகிறது. மேல்விளிம்பில் மூன்று சந்தனம், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். அடுத்த படம். அடுத்த படம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் என் வேலை அது. கண் தேவையே இல்லை.

பின்னாலிருந்து சிநேகிதன் குரல் வந்தது.

"மாப்ள... வைகையில இன்னைக்கு மூணு சூரியன் உதிச்சிருக்கு."

திரும்பிப் பார்த்தேன். பாயின் வானத்தில் மஞ்சளாக மூன்று, நடுவில் சிவப்பாக. பன்னீரில் கரைத்த சந்தனம். தாள் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

அப்படியே விட்டிருந்தால்கூடப் பாதகமில்லை. எனக்குத்தான் வயிறு முந்திக்கொள்ளுமே. வேட்டி நுனியைப் பானைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். ஒரு சூரியன் போயிற்று. கூடவே அந்த இடத்து வானமும் போயிற்று. பதறி இன்னும் அழுத்தினேன். நீலம் கலங்கி வழிந்தது. அந்தச் சேலை ஓரத்துக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. வழிந்ததற்கு இருந்த விவேகம் துடைத்தவனுக்கு இல்லை.

"கையை எடுடா பாவி! அவரு வந்தா இருக்கறதைச் சொல்லு. கை பட்டுருச்சுன்னு சொல்லு, அம்புட்டுத்தானே" என்றான் சிநேகிதன்.

படியில் தும்மல் கேட்டது. தலைமையாசிரியரின் தும்மல். நான் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். சிநேகிதன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் நேருக்கு நேர் பார்க்க முடியாது.

தலைமையாசிரியர் நிதானமாக ஒவ்வொரு படமாகப் பார்த்தார். வெற்று ஆணிக்கு முன்னால் நின்றார்.

"பைண்டிங் பாய் படம் எங்கே?"

"அவர் கொண்டாரலைங்க" என்றது என் வாய்.

சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் பாய். வெளுத்த சட்டை. தலை துவட்டிய ஈரம் காதோரம் இன்னும் இருந்தது. ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் வேட்டி நுனியைப் பார்த்தார். அது முழுக்க நீலம். அவர் நிறம், அவருக்குத் தெரியாதா?

"என்ன பாய், படம் எங்கே?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

இப்போதாவது சொல்லடா என்று சிநேகிதன் முழங்கை என் விலாவில் இடித்தது. என் வாய், வேண்டாத இடத்திலெல்லாம் திறக்கிற வாய், மூடிக்கிடந்தது.

"முடிக்க முடியலைங்க" என்றார் பாய்.

"சொன்ன நாளைக்குள்ள ஒரு படத்தை முடிக்கலைன்னா, அம்பது பிள்ளைகளை வச்சு எப்படிச் சமாளிப்பீங்க?" கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். சந்தனம் வாங்கிப் பூசிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் வரவேற்புரை பேசினேன். ஒரு வரிகூட மறக்கவில்லை. நன்றாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைக் கண்டதும், "பாய், வைகையில வெள்ளம் வந்துருச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிரித்துப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மணல்மேல் விரல் வைத்தார். சேலைகள்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். குனிகிற அந்தப் பெண்மேல் வைத்தார்.

"கீழ்ப்பாதி அப்படியே இருக்கே தம்பி."

"ஆமா பாய்."

"இதையே காட்டியிருக்கலாமே. அவரு வானத்தையா பார்க்க வந்தாரு? கையைத்தானே பார்க்க வந்தாரு."

எனக்கு அது தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. முழுப்படமும் போய்விட்டது, நானும் போய்விட்டேன் என்றுதான் அன்றைக்கு ஓடினேன்.

"முடிக்கலைன்னு ஏன் பாய் சொன்னீங்க?"

"நீங்க கொண்டாரலைன்னு சொல்லிட்டீங்க. அத்தனை பேருக்கு நடுவுல நான் வேற என்ன சொல்ல?" பசைக் கிண்ணத்தைக் கிளற ஆரம்பித்தார். பிறகு தலை நிமிராமல், "நாளைக்குத்தான் பேரு அனுப்பறாராம்" என்றார்.

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. படத்தை மறுபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். "காலையில நானே போறேன் பாய்" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

போனேன், இல்லையென்று சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் மணி அடிக்குமுன்பே பள்ளிக்கூட வாசலில் கையில் படத்தோடு நின்றேன். தலைமையாசிரியர் அறை ஜன்னல் திறந்திருந்தது. அவர் குனிந்து எழுதுவதுகூடத் தெரிந்தது. பியூன் வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்றான்.

வயிறு கலங்கிற்று.

"தாகமா இருக்கு. இங்க கிணத்துத் தண்ணி நல்லாருக்கும்னு சொன்னாங்க" என்றேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செம்பில் மொண்டு கொடுத்தான். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழுச் செம்பையும் குடித்தேன். இன்னும் வேண்டுமா என்றான். வேண்டும் என்று இரண்டாவது செம்பையும் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.