குளக்கட்டில் விட்ட வான்

உடையார்கட்டில் ஒரு வீட்டுக்கு மாதம் ஒருமுறை ஊசி போடப் போவேன். அந்த வீட்டு மூத்தவனுக்கு முன்னர் காதில் குரல்கள் கேட்கும். இரவு பகலாக வீதியில் நடப்பான். ஊசி தொடங்கிய பிறகு குரல்கள் ஓய்ந்து, வயலில் இறங்கி வேலை செய்கிறான். ஆனால் கிளினிக்குக்கு மட்டும் வரமாட்டான். தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களாம். அதனால் 'மனநலப் பிரிவு' என்று பக்கவாட்டில் எழுதிய கிளினிக் வானில் நானே போவேன்.

பைத்தியத்தை விசர் என்கிற இந்தப் பக்கத்தில் எனக்கு 'விசர் டொக்டர்' என்று பெயர். கோபம் வரும், விழுங்கிக்கொள்வேன். ஊர் ஊராகக் கூட்டம் வைத்து, "இதுவும் பிரஷர், சீனி மாதிரி ஒரு வருத்தம்தான், ஒளிக்காதேங்கோ" என்று தொண்டை வற்றக் கத்துகிறவன் நான்.

அவனுடைய தங்கைக்கு நெளுக்குளத்தில் சம்மந்தம் சரிவந்தது. சாதகமும் பொருந்திவிட்டது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணம் முடியுமட்டும் உங்கட வானை வாசலில விடாதேங்கோ டொக்டர். குளக்கட்டில விட்டிட்டு நடந்து வாங்கோ. அதில எழுதியிருக்கிறதை ஆரும் வாசிச்சா என்ர பிள்ளையின்ர வாழ்வு போச்சு."

ஒளிக்காதேங்கோ என்று அவரிடமும் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் ஊசியைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனேன்.

வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார், சொல்லாமல் கொள்ளாமல் இங்கும் வந்திருந்தார்கள். "எங்கட தூரத்துச் சொந்தம்" என்று தாய் முந்திக்கொண்டார். நானும் கதிரையில் உட்கார்ந்து, மழை இல்லாததைப் பற்றிப் வயல் செய்கிற பெரிய கமக்காரன் மாதிரிக் கதைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் எங்கட சனசமூக நிலையத்தில கதைச்ச டொக்டரல்லோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"அருமையான பேச்சு" என்றார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைய, "அப்ப, இஞ்ச ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

தாய் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். தேத்தண்ணி கொண்டுவந்த மூத்தவன்தான் அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்குத்தான் மாமி. மாசாமாசம் ஊசி போடுறன். இப்ப சுகம்."

யாராவது கேட்டால் இப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பெருமையாக இருந்தது.

ஒரு கிழமைகூடப் போகவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் வானை வாசலிலேயே விட்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஊசியை நிறுத்தினால் குரல்கள் திரும்பி வந்துவிடும் என்று கதவடியில் நின்று கெஞ்சினேன்.

"அதுகள் வந்தா வரட்டும் டொக்டர். நீங்கள் வராதேங்கோ."

தங்கை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நீயாவது அண்ணனிடம் சொல்லிப் பார் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

"நெளுக்குளத்தில நல்லாக் கதைச்சனீங்களாம் டொக்டர். என்னைக் கட்ட இருந்தவர் அப்ப போனில சொன்னவர். அவையின்ர வீட்டாக்கள் எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவையாம்."