ஒன்பது ஹெட்போன்காரர்

கோபாலபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஹெட்போன் ரிப்பேருக்குப் போனேன். ஒல்லி மனிதர், வெள்ளை வேட்டி. கண்ணாடி அலமாரியில் ஒன்பது ஹெட்போன், எல்லாம் ஜெர்மனிச் சரக்கு.

அதில் ஒன்றின் அறுந்த வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கேட்டுப் பார்க்கக் காதருகே கொண்டுபோனேன்.

"ஐயய்யோ, வெக்காதே! என் ஆம்படையாளையே தொட விட்டதில்ல."

"போட்டுப் பாத்தாத்தான் சார் சரியாக்கீதானு தெரியும்."

"நான் பாத்துக்கறேன்."

நான் பிடித்த இடத்தை என் எதிரிலேயே கொலோன் சென்ட்டில் நனைத்த பஞ்சால் மூன்று தடவை துடைத்தார். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"பேஷ்! கச்சேரில முன்வரிசைல உக்காந்தாப்ல இருக்கு."

தேனாம்பேட்டையில் பஸ் நிற்கும்போதுதான் உறைத்தது. இடது வயரை வலது காதிலும், வலது வயரை இடது காதிலும் பற்றவைத்துவிட்டேன். வயலின் இருக்கிற பக்கம் மிருதங்கம் கேட்டிருக்கும். அவருக்கு அது தெரியவில்லை.

நான் திரும்பிப் போகவில்லை. அந்தப் பஞ்சு ஞாபகம் வந்தது; பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்துகொண்டேன்.